அறிந்தும் அடைபடாத ஓட்டை: கணினியின் உட்காவலும் ஊவாவின் கையடக்கத் தொலைபேசிகளும்

பெருந்தோட்டங்களில் கையடக்கத் தொலைபேசி ஆடம்பரப் பொருளாகக் கருதப்பட்ட காலம் மலையேறிவிட்டது. பசறை, நமுனுகுல, ஹாலிஎல, லுணுகலை பகுதிகளின் லயன் அறைகளில் இன்று தொலைக்காட்சி இல்லாத வீட்டைக் காணலாம். தொலைபேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. மத்திய கிழக்கில் பணிபுரியும் தாயின் குரல் பிள்ளைகளுக்கு அதனூடாகவே வந்து சேர்கின்றது. அவர் அனுப்பும் பணம் வங்கிக்கு வந்ததையும், அஸ்வெசும கொடுப்பனவு வரவு வைக்கப்பட்டதையும் அதுவே அறிவிக்கின்றது. அடை மழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையும் அதிலேதான் வருகின்றது. ஒரு குடும்பத்தின் பெட்டகம் உள்ளங்கையளவாகச் சுருங்கிவிட்டது எனலாம்.

அந்தப் பெட்டகத்தின் பூட்டு எத்தகையது என்பதைப் பற்றி நமது சமூகத்தில் பெரிதாகப் பேசப்படுவதில்லை. அண்மையில் பதுளை நகரில் தொலைபேசி திருத்தும் ஒரு கடையில் காத்திருந்தபோது, தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், வெடித்த கண்ணாடியை மாற்றுவதற்காகத் தமது தொலைபேசியைக் கொடுத்தார். இரண்டாம் கையாக வாங்கியது. கடைக்காரரான முஸ்லிம் நண்பர் அதன் அமைப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, "இதப் பாருங்க சேர்" என்று என்னிடம் நீட்டினார். பாதுகாப்பு இற்றைப்படுத்தல் திகதி என்ற இடத்தில் 2016 ஓகஸ்ட் என்றிருந்தது. "பேசுறதுக்கு நல்லாத்தானே இருக்கு நானா?" என்றார் அந்தப் பெண். அவருக்கு அவ்விடத்தில் என்னால் உடனே விடை கூற முடியவில்லை. இக்கட்டுரை அதற்கான விடையே.

அந்த ஓகஸ்ட் மாதத்திற்கும் அதே ஆண்டின் டிசம்பர் மாதத்திற்கும் இடையில், கணினி உலகைக் கலக்கிய ஒரு வழு வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் 'டேர்ட்டி கவ்'. அழுக்குப் பசு என்று மொழிபெயர்த்தால் சிரிப்பு வரும். பசுவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 'எழுதும்போது நகலெடு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் தற்செயலாக அச்சொல்லைத் தருகின்றன, அவ்வளவே. அழுக்கு என்பது ஒரு குறியின் பெயர். அதற்குப் பின்னர் வருவோம்.

பணிசெயல் முறைமை என்று நமது பாடசாலைப் பாடநூல்கள் குறிப்பிடும் மென்பொருளின் நடுவில் 'கெர்னல்' எனப்படும் உட்கரு உள்ளது. நாம் திரையில் காணும் எந்தச் செயலியும் நினைவகத்தையோ கோப்புகளையோ நேரடியாகத் தொட முடியாது. அனைத்தையும் கெர்னலிடம் கேட்டே பெறவேண்டும். நினைவகத்தை அது சிறு சிறு பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றது. வழமையாக ஒரு பக்கம் 4096 பைட்டுகள். இந்தப் பக்கம் இன்னாருக்குரியது, இவர் வாசிக்கலாம், எழுதக் கூடாது என ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அனுமதிச் சீட்டு உண்டு. அச்சீட்டை மீறுபவரைப் படலையிலேயே தடுப்பது கணினியின் செயலகச் சில்லு. சீட்டை எழுதிக் கொடுப்பது கெர்னல். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை முஸ்லிம்கள் அமானிதம் என்பர். கெர்னலின் கையிலிருப்பது அத்தகைய அமானிதமே. கெர்னலே தவறு செய்தால் மேல்முறையீடு செய்ய வேறு இடமில்லை.

2016 இல் தவறு நேர்ந்தது லினக்ஸ் கெர்னலில். லினக்ஸ் என்பதை ஏதோ பல்கலைக்கழக ஆய்வுகூடத்துப் பொருளென எண்ணிவிடக் கூடாது. உலகின் சேவையகங்களில் பெரும்பாலானவை அதிலேயே இயங்குகின்றன. அன்ட்ரொயிட் தொலைபேசிகள் அனைத்தினதும் அடியில் இருப்பது அதுவே. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்காக நமது நாட்டு இளைஞர்கள் உருவாக்கி, பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்ட 'சகானா' மென்பொருளும் இத்தகைய கட்டற்ற மென்பொருள்களின் மீது எழுப்பப்பட்டதே. ஆகவே, தவறு எங்கோ நேர்ந்தாலும் அதன் நிழல் பதுளைவரை நீண்டது.

தவறு என்ன என்பதைத் தோட்டத்துக் காரியாலயம் ஒன்றைக் கொண்டு விளக்க முயல்கின்றேன். செக்ரோல் புத்தகம் காரியாலயத்தில் இருக்கின்றது. எவருக்கு முழுப் பேர், எவருக்கு அரைப் பேர் என்பது அதிலேதான் உள்ளது. தொழிலாளர் எவரும் வந்து அதைப் பார்க்கலாம், கைவைக்கக் கூடாது. ஆனால் ஒருவர், "என் கணக்கைச் சரிபார்க்க இந்தப் பக்கத்தில் சில குறிப்புகள் எழுத வேண்டும்" என்று கேட்கின்றார் என வைத்துக்கொள்வோம். காரியாலயத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பார்ப்பவர் எல்லோருக்கும் நகலெடுத்துக் கொடுத்துக் கடதாசியை வீணாக்குவதில்லை. எழுத வேண்டும் என்று எப்போது கேட்கின்றாரோ அப்போது மாத்திரம் ஒரு நகலெடுத்து அவரிடம் கொடுப்பர். அவர் நகலில் எதை எழுதினாலும் மூலப் புத்தகத்துக்குப் பங்கமில்லை. இதுவே 'எழுதும்போது நகலெடு' என்னும் முறை. நினைவகத்தைச் சிக்கனப்படுத்தும் மிகச் சிறந்த ஏற்பாடு. இன்றும் வழக்கில் உள்ளது. முறையில் குற்றமில்லை, அதை நிறைவேற்றிய எழுதுவினைஞரின் பழக்கத்திலேயே குற்றம் இருந்தது.

அவர் என்ன செய்தார்? 'எழுதுவதற்காக' என்ற துண்டுடன் கோரிக்கை வந்ததும், மூலம் எழுதக் கூடாதது என்பதைக் கண்டு நகலொன்றை எடுத்தார். இதுவரை சரி. பின்னர், "நகல்தான் எடுத்தாகிவிட்டதே, இனி இந்தத் துண்டு எதற்கு?" என்று அதைக் கிழித்தெறிந்துவிட்டு, பக்கத்தை எடுத்துவர மீண்டும் முதலிலிருந்து புறப்பட்டார். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில், கேட்டவரின் கூட்டாளி மற்றொரு சாளரத்தில் நின்று, "எங்கள் நகல் வேண்டாம், எறிந்துவிடுங்கள்" என்கின்றார். நகல் குப்பைக்குப் போகின்றது. எழுதுவினைஞர் வந்து பார்க்கின்றார்: நகல் இல்லை, கையிலோ 'எழுதுவதற்காக' என்ற துண்டும் இல்லை. சரி, வாசிக்கத்தான் கேட்கிறார் போலும் என எண்ணி மூலப் புத்தகத்தையே எடுத்து நீட்டிவிடுகின்றார். பேனாவுடன் காத்திருந்தவர் அதில் எழுதிவிடுகின்றார்.

மனிதர் நடத்தும் காரியாலயத்தில் இந்தச் சூழ்ச்சி பலிப்பது கடினம். கணினியிலோ, இருவரும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவைகள் ஓயாது முயலலாம். ஆயிரத்தில் ஒரு தடவை இரு நிகழ்ச்சிகளும் சரியான வரிசையில் மோதிக்கொண்டால் போதுமானது. இவ்வாறு முந்துதல் பிந்துதலால் விளையும் வழுக்களைத் துறைசார்ந்தோர் ஓட்டப்பந்தய நிலை என்பர். கடவுச்சொல் கோப்பிலோ, நிர்வாகிக்குரிய ஒரு நிரலிலோ சில எழுத்துகளை மாற்றிவிட்டால், சாதாரண பயனர் ஒருவர் முழுக் கணினிக்கும் அதிபதியாகிவிடுவார். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் எந்தப் பதிவேட்டிலும் தடயம் எஞ்சுவதில்லை.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதமும் சொல்லத் தக்கது. பில் ஓஸ்டர் என்ற நிர்வாகி பராமரித்த ஓர் இணையத்தளத்துக்குள் எவரோ ஊடுருவினர். அவர் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தமது சேவையகத்துக்குள் வரும் இணையப் போக்குவரத்து முழுவதையும் பதிவுசெய்து சேமித்து வைக்கும் வழக்கமுடையவர். வந்த கள்வன் கொண்டுவந்த கருவி அந்தப் பதிவில் அப்படியே சிக்கியிருந்தது. அதை எடுத்துத் தனியாக இயக்கிப் பார்த்தபோதே வழு புலப்பட்டது. அதாவது, நல்லோர் அறியுமுன்னரே தீயோர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். எவ்வளவு காலமாக என்பதை எவராலும் உறுதியாகக் கூற முடியாது. 2007 இல் வெளிவந்த 2.6.22 பதிப்பிலிருந்தே ஓட்டை திறந்து கிடந்தது என்பது மாத்திரம் தெரியும்.

2016 ஒக்டோபரில் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே திருத்தத்தை எழுதி வெளியிட்டார். அதனுடன் அவர் இணைத்த குறிப்பே இந்த விவகாரத்தில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. இது பழங்காலத்து வழு என்றும், பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர், அதாவது 2005 இல், தாமே இதை ஒரு முறை திருத்த முயன்றதாகவும், அதைச் சரிவரச் செய்யவில்லை என்றும் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அன்று அவர் செய்த திருத்தம் ஐ.பி.எம். நிறுவனத்தின் எஸ் 390 வகைப் பெருங்கணினிகளில் சிக்கல்களைத் தோற்றுவித்தமையால் விரைவிலேயே நீக்கப்பட்டது. அக்காலத்தில் அந்த ஓட்டப்பந்தயம் ஏட்டளவிலான ஆபத்தாகவே தோன்றியது. கணினிகள் வேகமடைந்து, நினைவக முகாமையும் விருத்தியடைந்த பின்னர், ஏட்டிலிருந்த ஆபத்து எளிதில் நிகழ்த்தக்கதாக மாறிவிட்டது. பதவியிலுள்ளோர் தமது தவறை இவ்வாறு பகிரங்கமாக எழுதிவைக்கும் வழக்கம் நமது நிர்வாகத்தில் எப்போது வருமோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஊவாவைச் சேர்ந்தவர்களுக்கு இத்தகைய கதை புதிதன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுள் புதையுண்டபோது, அச்சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005 இலேயே விடுக்கப்பட்டிருந்தமை பின்னர் பேசப்பட்டது. ஒரு மென்பொருள் வழுவை மனித உயிர்களின் இழப்போடு நிறுத்துப் பார்ப்பது பொருந்தாது. அதை நான் அறிவேன். எனினும், ஆபத்து அறியப்பட்டிருந்தும் 'இப்போதைக்கு நடவாது' என்ற கணிப்பின் கீழ் அது தள்ளிவைக்கப்படும் விதம் இரண்டிலும் ஒன்றாகவே உள்ளது.

2016 இன் திருத்தம் என்ன செய்தது? ஏறத்தாழ பதினைந்து வரிகள்தான். காரியாலயத்து உவமையில் கூறின், எழுதுவினைஞர் 'எழுதுவதற்காக' என்ற துண்டை இனி ஒருபோதும் கிழிக்கக் கூடாது. நகல் எடுத்தபின், 'நகல் எடுக்கப்பட்டது' என்ற இரண்டாவது துண்டொன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் போதாது. கையிலுள்ள தாளில் அழுக்குக் குறி உள்ளதா எனப் பார்க்க வேண்டும். எழுதுவதற்கென ஆக்கப்பட்ட பக்கத்தில் கணினி இடும் அடையாளமே அழுக்குக் குறி. இரண்டாவது துண்டும் குறியும் ஒருங்கே இருந்தால் மாத்திரமே அத்தாளில் எழுத அனுமதி. நகல் இடையில் குப்பைக்குப் போயிருந்தால் அக்குறி இராது. அப்போது எழுதுவினைஞர் மூலத்தை நீட்டாமல் திரும்பிச் சென்று புதிதாக நகலெடுப்பார். 2005 இல் தடையாயிருந்த எஸ் 390 கணினிகளில் இக்குறி வேறு விதமாகப் பேணப்பட்டு வந்தது. 2013 இல் அது மென்பொருள் வழியாகச் சீர்செய்யப்பட்டுவிட்டதால், பழைய யோசனைக்கு மீண்டும் இடம் கிடைத்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. 2017 நவம்பரில் பிண்டெசி என்ற ஆய்வுக் குழுவினர், திருத்தத்திலேயே ஒரு துளை இருப்பதைக் காட்டினர். சாதாரண பக்கங்களன்றி, வேகத்துக்காகப் பல பக்கங்களை ஒன்றாகக் கட்டிய பெரும்பக்கங்களும் கெர்னலில் உண்டு. அங்கே, நகல் எடுக்கப்படாத பக்கத்தின் மீதும் அழுக்குக் குறி விழ வாய்ப்பிருந்தது. முத்திரையை நம்பி அனுமதி வழங்கும் முறையில், முத்திரையே தவறாகக் குத்தப்பட்டால் என்ன செய்வது? இதன் பாதிப்பு முதலாவதைவிடக் குறைவு; அன்ட்ரொயிட் தொலைபேசிகளை அது தொடவுமில்லை. அதையும் உடனே திருத்தினர். பல்லாயிரம் கண்கள் பார்க்கும் திறந்த மூல நிரலில் வழு நிலைக்காது என்று கூறப்படுவதுண்டு. ஒன்பது ஆண்டுகள் நிலைத்தது. திருத்திய பின்னும் ஓராண்டு குறை நிலைத்தது. கண்கள் இருப்பது வேறு, அவை பார்ப்பது வேறு. ஆயினும், திறந்த நிரலாக இருந்தமையாலேயே இந்த வரலாறு முழுவதையும் நாம் இன்று வரிவரியாக வாசிக்க முடிகின்றது என்பதையும் கூறியாக வேண்டும்.

2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 'மெல்ட்டவுன்' வழு இதனின்றும் வேறுபட்டது. அங்கே குற்றம் சில்லிலேயே இருந்தது. சில்லை மாற்ற இயலாதென்பதால், கெர்னல் தனது பக்கங்களைப் பயனரின் வரைபடத்திலிருந்தே பிரித்து மறைத்துக்கொண்டது. கணினிகளின் வேகத்தில் சிறிது இழக்க நேர்ந்தது. அதைத் தனியே எழுதவேண்டும்.

பதுளைக் கடைக்கு வருவோம். லினக்ஸ் திருத்தம் வெளியானவுடன் சேவையகங்களை நடத்துவோர் ஓரிரு நாட்களில் அதைப் பொருத்தினர். தொலைபேசிகளின் நிலை அவ்வாறன்று. டோர்வால்ட்ஸ் திருத்திய வரிகள் கூகுள் நிறுவனத்துக்குப் போகவேண்டும். அங்கிருந்து சில்லுத் தயாரிப்பாளருக்கு, பின்னர் தொலைபேசி நிறுவனத்துக்கு, அதன் பின்னரே வாடிக்கையாளரின் கைக்கு. கூகுள் 2016 டிசம்பர் மாதத்துப் பாதுகாப்புத் தொகுப்பில் இதைக் கட்டாயமாக்கியது. ஆனால் மலிவு விலைத் தொலைபேசிகளைத் தயாரித்த பலர், விற்ற பொருளுக்கு மீண்டும் உழைக்க விரும்பவில்லை. நீர்த்தாங்கியில் தண்ணீர் நிறைந்திருந்தும் கடைசி லயனின் குழாயில் சொட்டாத கதை இது. அந்தப் பெண்ணின் தொலைபேசிக்கு 2016 ஓகஸ்டுக்குப் பின்னர் ஒரு துளியும் வரவில்லை.

இதனால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2017 செப்டெம்பரில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம், இதே வழுவைப் பயன்படுத்தித் தொலைபேசிகளைக் கைப்பற்றும் 'சினியு' என்ற தீம்பொருளைப் பற்றி அறிவித்தது. விளையாட்டுகள், ஆபாசப் படங்கள் என்ற வேடத்தில் 1200 க்கும் மேற்பட்ட செயலிகளில் அது ஒளிந்திருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் காணப்பட்டது. பாதிப்புற்றோர் அதிகமாக இருந்தது சீனாவிலும் இந்தியாவிலும். சீனாவில் அது தொலைபேசிக் கட்டணத்தின் ஊடாக மாதந்தோறும் சிறு தொகையைக் கறந்தது. பெருந்தொகையை எடுத்தால் கவனித்துவிடுவர் என்பதற்காகவே சிறு தொகை. பிற நாடுகளில் பணத்தை எடுக்க வழியில்லாதபோதும், பின்கதவை மாத்திரம் திறந்து வைத்துச் சென்றது. தோட்டத்தில் நிறுவையின்போது கிலோவில் சிறிது சிறிதாகக் கழிவு போவதைப் பற்றிப் பரம்பரை பரம்பரையாகக் கேட்டு வளர்ந்தோருக்கு இந்தக் கள்வனின் மனப்பாங்கு எளிதில் விளங்கும்.

இற்றைப்படுத்தலைத் தள்ளிவைப்பது ஏழைகளின் பிரச்சினை மாத்திரம் என்று எண்ணுவோர் 2023 ஓகஸ்ட் 26 ஐ நினைவுகூரலாம். அன்று இலங்கை அரசாங்க மேகக்கணினி வலையமைப்பு கப்பம் கோரும் தீம்பொருளால் தாக்கப்பட்டது. ஜிஓவி டொட் எல்கே என முடியும் சுமார் 5000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. அவற்றுள் அமைச்சரவை அலுவலகமும் அடங்கும். மே 17 முதல் அன்றுவரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாதவாறு அழிந்தன. அது கெர்னல் வழுவன்று. ஆதரவுக் காலம் முடிவடைந்த மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ் 2013 என்ற மென்பொருளை மாற்றாமல் வைத்திருந்ததன் விளைவு. மாற்றும் திட்டம் 2021 முதல் இருந்ததாகவும், நிதி வரையறைகளால் தாமதமானதாகவும் பொறுப்பான நிறுவனமே விளக்கம் கூறியது. நாட்டின் தலைமைச் செயலகங்களுக்கே நிதி வரையறை தடையென்றால், நாட்சம்பளம் பெறும் தோட்டத் தொழிலாளி புதிய தொலைபேசி வாங்கவில்லை என்று குறைகூற எவருக்குத் தகுதியுண்டு?

2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பசறை வீதியில் அமைந்துள்ளது. அங்கே கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகின்றது. அதே வீதியால் பஸ்ஸேறி மேலே சென்றால் தோட்டங்கள். ஒரு விடுமுறை நாளில் சில மாணவர்கள் தோட்டத்துக்குச் சென்று தொலைபேசிகளின் இற்றைப்படுத்தல் திகதிகளைப் பார்த்துக் கூறுவதற்குப் பெரிய திட்டமோ, அமைச்சின் அனுமதியோ தேவையில்லை. வெலிமடை, பண்டாரவளை நகரங்களில் தொலைபேசிக் கடை நடத்துவோரும் இதில் உதவலாம். பழைய தொலைபேசியை விற்கும்போது மின்கலத்தின் நிலையைக் கூறுவது போல இத்திகதியையும் கூறிவிற்பது நேர்மையான வியாபாரத்தின் ஒரு பகுதியே.

தொலைபேசியில் அமைப்புகளைத் திறந்து, 'தொலைபேசியைப் பற்றி' என்ற பகுதியில் அன்ட்ரொயிட் பதிப்பைத் தொட்டால் அத்திகதி தெரியும். சிலவற்றில் அது பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் இருக்கும். இற்றைப்படுத்தல் காத்திருப்பதாகக் காட்டினால் உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும். தரவு செலவாகும் என்று அஞ்சி அதை 'பின்னர்' என்று தள்ளுவோரே அதிகம். திகதி பல ஆண்டுகள் பழையதாகவும் புதியது எதுவும் வராததாகவும் இருந்தால், அத்தொலைபேசியில் வங்கி அலுவல்களைச் செய்யாதிருப்பது நல்லது. கூகுளின் பிளே ஸ்டோருக்கு வெளியே, நண்பர் அனுப்பினார் என்று வரும் எந்தச் செயலியையும் அதில் நிறுவவே கூடாது. சினியு பரவியதும் அத்தகைய வழியிலேதான்.

அன்று கடையில் அந்தப் பெண்ணுக்கு வேறு தொலைபேசி வாங்க வசதியிருக்கவில்லை. கடைக்காரர் கண்ணாடியை மாற்றினார். அதிலிருந்த பெயர் தெரியாத மூன்று செயலிகளை நீக்கினார். பின்னர் மேசையின் அடியிலிருந்து ஒரு பழைய 'பட்டன் போன்' எடுத்து, வங்கியில் பதிந்திருந்த இலக்கத்தின் சிம் அட்டையை அதற்குள் மாற்றிக் கொடுத்தார். "பேங்க் மெசேஜ் எல்லாம் இதுல வரட்டும் அக்கா, படம் பாக்குறது, பேசுறது எல்லாம் அதுல வச்சிக்கங்க" என்றார். கண்ணாடிக்கான கூலியை மாத்திரமே வாங்கினார்.